முக்திநாத் மலையில் கடல் எப்படி வந்தது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊர் வேறு, வயது வேறு. ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்கள் சுற்றி வளைத்துக் கேட்பது ஒன்றைத்தான்: பூமியின் மேற்புறமான பெரிய பாறைத் தட்டுகள் நகர்கின்றன என்கிறார்களே, அதற்கும் நாங்கள் பார்க்கிற மலைக்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம்? கல்லூரியில் 31 ஆண்டுகள் நிலவியல் நடத்தி ஓய்வுபெற்றவளுக்கு இதைவிட இஷ்டமான கேள்வி கிடையாது. மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

போன வருஷம் குடும்பத்தோடு நேபாளத்து முக்திநாத் யாத்திரை போய்வந்தோம். வழியில் ஒரு சாளக்கிராமம் கிடைத்தது. "பாட்டி, இதற்குள் இருப்பது கடல் பிராணி" என்கிறான் பேரன். பனிமலையில் கடல் பிராணி எப்படி வரும்? அவன் சொல்வதை நம்பலாமா? – ஸ்ரீரங்கம் வாசகி

தாராளமாக நம்பலாம் அம்மா. பூஜை அறையில் இருக்கும் அந்தக் கல்லை எடுத்து, சக்கரம் தெரிகிற பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பாருங்கள். சுருளின் மேல் விலா எலும்பு மாதிரி வரிசையாக வரிகள் ஓடும். ஆட்டுக்கடாவின் கொம்பில் இருக்கிற வரிகளைப் போலவே இருக்கும். அது அம்மோனைட் என்ற கடல் பிராணியின் ஓடு. கணவாய் மீனுக்கும் ஆக்டோபஸுக்கும் தூரத்து உறவு. ஓட்டுக்குள் உட்கார்ந்தபடி கடலில் நீந்தித் திரிந்த ஜீவன். செத்ததும் அடியில் விழுந்து, கறுப்புச் சேற்றில் புதைந்து, சேறு கல்லானபோது தானும் கல்லாயிற்று. காளி கண்டகி ஆறு அந்தக் கறுப்புக் கல்லை மலையிலிருந்து அறுத்து, உருட்டி, உங்கள் கைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. வயது ஏறக்குறைய 15 கோடி ஆண்டு. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றான இடத்திலிருந்து வந்த கல்லுக்கு இவ்வளவு நீண்ட பூர்வ கதை இருப்பது, அதன்மேல் எனக்குள்ள மரியாதையைக் கூட்டத்தான் செய்கிறது.

முக்திநாத் கோயில் கடல் மட்டத்திலிருந்து 3,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அந்தச் சேறு படிந்த காலத்தில் அங்கே மலை இல்லை. ஆசியாவுக்குத் தெற்கே டெத்திஸ் என்று நாங்கள் சொல்கிற கடல் கிடந்தது. இந்தியா அப்போது அதற்கும் தெற்கே வெகுதூரத்தில், ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அண்டார்டிகா, ஆஸ்திரேலியாவோடு ஒட்டிக்கொண்டு, கோண்ட்வானா என்ற பெருநிலத்தின் ஒரு மூலையாக இருந்தது. உங்கள் அம்மோனைட் நீந்தியது அந்த மூலையின் வடக்குக் கரையோரத்தில்.

பிறகு இந்தியா பிய்த்துக்கொண்டு வடக்கே புறப்பட்டது. ஒரு காலகட்டத்தில் வருஷத்துக்கு 15 சென்டிமீட்டர் வேகம். தட்டுகளின் கணக்கில் அது ஓட்டம். 6,000 கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கிறது. வரும் வழியில் டெத்திஸின் தரை ஆசியாவுக்கு அடியில் போய்க்கொண்டே இருந்தது. கடல்தரைப் பாறை கனமானது, அதனால் அடியில் போகும். கண்டத்தின் பாறை லேசானது. குளத்தில் தேங்காய் மட்டையை அழுத்திப் பாருங்கள், அது உள்ளே தங்காது. சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன் கடல்தரையெல்லாம் தீர்ந்து, இந்தியக் கண்டமும் ஆசியக் கண்டமும் நேருக்கு நேர் வந்தன. இரண்டும் மட்டைகள். இரண்டாலும் ஒழுங்காக அமுங்க முடியவில்லை. நடுவில் கிடந்த கடல்சேறும் சுண்ணாம்பும் மடிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மேலே வந்தன. சாதாரணமாகக் கண்டத்தின் மேலோடு 35 கிலோமீட்டர் தடிமன் இருக்கும். திபெத்துக்கு அடியில் 70 கிலோமீட்டர். அந்த இரட்டைத் தடிமன்தான் அவ்வளவு பெரிய பீடபூமியைத் தூக்கிப் பிடித்திருக்கிறது.

எவரெஸ்ட்டின் உச்சியிலேயே சுண்ணாம்புக்கல்தான் இருக்கிறது. அதில் 45 கோடி ஆண்டுப் பழைய கடலுயிர்களின் துணுக்குகள் இருக்கின்றன. 8,848.86 மீட்டர் உயரத்தில் ஒரு கடலடி!

மோதல் முடிந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். வேகம் குறைந்திருக்கிறதே தவிர, இந்தியா இன்னும் வருஷத்துக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்கிறது. நான் பிறந்ததிலிருந்து கணக்குப் போட்டால் 3 மீட்டருக்கு மேல்; எங்கள் வீட்டு வாசல் திண்ணையின் நீளம். இமயத்தின் அடியில் அது வழுக்கிக்கொண்டு போவதில்லை, மாட்டிக்கொண்டு நிற்கும். நிற்க நிற்க விசை சேரும். தாங்காத அன்றைக்கு விடுபடும். 2015 ஏப்ரல் 25-ஆம் தேதி நேபாளத்தில் நடந்தது அதுதான்: 7.8 அளவு நிலநடுக்கம். சில விநாடிகளில் காத்மாண்டுப் பக்கம் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்ந்தது. 9,000 பேர் அளவுக்கு உயிர் போயிற்று. மலை எழுவதும் வீடு இடிவதும் அங்கே ஒரே அசைவு. யாத்திரை போகிறவர்கள் தங்குகிற விடுதி எப்படிக் கட்டியிருக்கிறது என்று ஒரு கணம் பார்த்துவிட்டுத் தங்குங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

எங்கள் பாடத்தில் "புவித்தட்டுகள் மிதக்கின்றன" என்று இருக்கிறது. அப்படியென்றால் கீழே எரிமலைக் குழம்பு கடல் மாதிரி இருக்கிறதா மிஸ்? தட்டுகளை யார் தள்ளுகிறார்கள்? – ஒன்பதாம் வகுப்பு மாணவி, பழனி

நல்ல கேள்வி கண்ணு. "மிதக்கின்றன" என்ற சொல்தான் உன்னைக் குழப்பியிருக்கிறது. அடியில் குழம்புக் கடல் கிடையாது. நிலநடுக்கத்தில் உண்டாகிற அலைகளில் ஒரு வகை திரவத்துக்குள் போகாது. அந்த அலை பூமியின் மேலோட்டையும் தாண்டி, அதற்குக் கீழே 2,900 கிலோமீட்டர் வரை தாராளமாகப் போகிறது. ஆகவே அதுவரை கெட்டியான பாறைதான். அந்த ஆழத்தில் இருக்கிற வெளிக்கருவில்தான் அலை நின்றுபோகிறது, அதுதான் திரவம்.

கெட்டிப் பாறை எப்படி நகரும் என்று கேட்பாய். ரோடு போடும் இடத்தில் தார் டிரம் சாய்ந்து கிடந்து பார்த்திருக்கிறாயா? காலையில் குளிரில் அந்தத் தாரைச் சுத்தியால் அடித்தால் கண்ணாடி மாதிரித் தெறிக்கும். அதையே அப்படியே விட்டுவிட்டு நாலு நாள் கழித்து வா. டிரம்மின் வாயிலிருந்து நாக்கு நீட்டினாற்போல வழிந்து கிடக்கும். அவசரப்படுத்தினால் கல், பொறுமையாக விட்டால் குழம்பு. பூமியின் உட்பாறை தாரைவிடப் பல மடங்கு விறைப்பானது. ஆனால் அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டு அவகாசம் இருக்கிறது. அதன்மேல் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தடிமனுள்ள தட்டுகள் நகர்கின்றன. பெரிய தட்டுகள் ஏழு, சின்னவை பல. கண்டம் மட்டுமே தட்டு என்று நினைக்காதே. கண்டமும் அதை ஒட்டிய கடல்தரையும் சேர்ந்ததுதான் தட்டு. கண்டம் அதில் ஏறி உட்கார்ந்திருக்கிற பயணி.

யார் தள்ளுகிறார்கள்? தள்ளுவதைவிட இழுப்பதே அதிகம். ஈரப் போர்வையைக் கட்டிலில் போட்டு, பாதியை ஓரத்தில் தொங்கவிட்டுப் பார். தொங்குகிற பாதியின் கனம் மீதியையும் இழுத்துக்கொண்டு தரைக்கு வந்துவிடும். பழைய கடல்தரை ஆறிக் குளிர்ந்து கனத்துப்போனதும் பூமிக்குள் சரிகிறது. சரிகிற பகுதி தன் பின்னால் இருக்கிற தட்டு முழுவதையும் இழுக்கிறது. பசிபிக் பெருங்கடலைச் சுற்றி இப்படிச் சரிகிற விளிம்புகள் நிறைய. ஜப்பானின் எரிமலையும், ஆண்டிஸ் மலையும், 10,900 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள மரியானா அகழியும் அந்தச் சரிவின் வேலை.

அரியலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கிணறு வெட்டினால் கிளிஞ்சல் வருகிறது. கடல் எங்களுக்கு ரொம்ப தூரம். இதுவும் இமயமலை மாதிரி மோதலில் எழுந்ததா? – விவசாயி, அரியலூர் மாவட்டம்

இல்லை ஐயா, உங்கள் ஊர்க் கதை அதற்கு நேர் எதிரானது. இமயம் இரண்டு நிலம் சேர்ந்த இடம். உங்கள் ஊர் இரண்டு நிலம் பிரிந்த இடம்.

இந்தியாவின் கிழக்குக் கரை ஒரு காலத்தில் கரையே அல்ல. அங்கே அண்டார்டிகா ஒட்டிக்கொண்டிருந்தது. சுமார் 13 கோடி ஆண்டுக்கு முன் அந்த ஒட்டு விடத் தொடங்கியது. நிலம் இரண்டு பக்கமும் இழுபட்டால் நடுவில் மெலிந்து, வெடித்து, வெடிப்புக்கு இடையில் துண்டு துண்டாகக் கீழே இறங்கும். ரப்பர் மாதிரி இழுபடாது, நன்றாகப் புளித்த மாவு அப்பத்தைப் பிய்க்கிற மாதிரிப் பிரியும். அப்படி இறங்கிய பள்ளம்தான் இன்றைய காவிரிப் படுகை. பள்ளத்துக்குள் கடல் வந்தது, வந்து வந்து பின்வாங்கியது. 11 கோடியிலிருந்து 6.6 கோடி ஆண்டு முன்பு வரை உங்கள் வயல் கடலடியாகவும் கரையோரமாகவும் மாறி மாறி இருந்திருக்கிறது. சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிற சுண்ணாம்புக்கல் அந்தக் கடலின் ஓடுகள். டெல்டாவில் நரிமணத்தில் எண்ணெய் எடுப்பதும் இதே பள்ளத்தில் சேர்ந்த வண்டலில் இருந்துதான்.

திருச்சியிலிருந்து விருத்தாசலம் பக்கம் போகிற ரயிலில் ஏறினால் ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். மலைக்கோட்டை நிற்பது பழைய கண்டத்தின் கெட்டிப் பாறைமேல். லால்குடி தாண்டி, கல்லக்குடி வந்ததும் வெளுத்த சுண்ணாம்புக் குழிகள் தொடங்கும். அங்கே பவளப் பாறையே இருந்திருக்கிறது. கண்டத்திலிருந்து கடலுக்குள் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டீர்கள். டிக்கெட் எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

நான் வேலையிலிருந்த காலத்தில் ஒவ்வொரு தை மாதமும் பிள்ளைகளைப் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிற காரை என்ற ஊருக்கு அழைத்துப் போவேன். மஞ்சளும் செம்பழுப்பும் கலந்த களிமண், மழை அறுத்த ஓடைகளாகக் கிடக்கும். ஜிப்சம் சிதறி, வெயிலில் உடைந்த கண்ணாடி மாதிரி மின்னும். குனிந்து தேடினால் துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் பழுப்புக் கல் அகப்படும். உடைந்த முனையைத் திருப்பிப் பார்த்தால் நடுப்புள்ளியிலிருந்து சக்கரத்தின் ஆரம் மாதிரிக் கோடுகள் விரியும். சூரியனுக்கு எதிரே பிடித்தால் ஓரம் தேன் நிறத்தில் ஒளிவிடும். அது பெலம்னைட், கணவாய் மாதிரி ஒரு பிராணியின் உடம்புக்குள் இருந்த கம்பு. உங்கள் கிணற்றுக் கிளிஞ்சலின் அண்டைவீட்டுக்காரர். ஸ்ரீரங்கத்து அம்மாவின் சாளக்கிராமத்துக்குச் சொந்தக்காரர்களான அம்மோனைட்டுகளும் காரையில் உண்டு. முக்திநாத் அம்மோனைட்டை மலை தூக்கிக்கொண்டு போயிற்று. உங்கள் ஊர் அம்மோனைட் இருந்த இடத்திலேயே இருக்க, கடல் எழுந்து போயிற்று.

காவிரி தலைக்காவிரியில் பிறக்கிறது. அங்கிருந்து அரபிக்கடல் எட்டிப் பார்க்கிற தூரம்தானே? ஏன் கிழக்கே இவ்வளவு தூரம் ஓடி வருகிறது? – ஈரோடு வாசகர்

நேர்கோட்டில் அளந்தால் 60 கிலோமீட்டர்கூட வராது. ஆனாலும் 800 கிலோமீட்டர் ஓடிப் பூம்புகாரில் சேர்கிறது. நம்முடைய நெல்லுக்கெல்லாம் காரணமான இந்த விசித்திரத்துக்கும் தட்டு பிரிந்ததே அடிப்படை.

மேற்குத் தொடர்ச்சி மலை மோதலில் எழுந்த மலைத்தொடர் அல்ல. அது ஒரு பீடபூமியின் உடைந்த விளிம்பு. சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவின் மேற்கு ஓரத்திலிருந்து பிரிந்தது. பிறகு 6.6 கோடி ஆண்டுக்கு முன் தக்காணத்தின் எரிமலைக் குழம்பு மராட்டிய மண்ணெங்கும் பரவிய காலத்தை ஒட்டி, சீஷெல்ஸ் தீவுகளின் நிலமும் விலகியது. நிலம் பிரிகிற இடத்தில் விளிம்பு தூக்கிக்கொள்ளும். அதற்குப் பின்னால் உள்நாட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கும். சாய்ந்த முற்றத்தில் கொட்டிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? கோதாவரி, கிருஷ்ணா, காவிரி மூன்றும் அரபிக்கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுவது அதனால்தான். மேற்கே விழுகிற ஆறுகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் இருப்பதும் அதனால்தான். கர்நாடகத்தின் ஷராவதி ஆறு ஜோக் அருவியில் 253 மீட்டர் ஒரே விழுகையாக விழுகிறதே, அது அந்த உடைந்த விளிம்பிலிருந்து.

உடுப்பி போனால் மால்பேயில் படகு ஏறி செயின்ட் மேரிஸ் தீவுக்குப் போய்வாருங்கள். அறுகோணத் தூண்களை அடுக்கி வைத்தாற்போல எரிமலைப் பாறை நிற்கும். மடகாஸ்கர் விடைபெற்றபோது வெடிப்பின் வழியே மேலே வந்து ஆறிய குழம்பு அது. கையை வைத்துப் பார்க்கலாம்.

நான் போர்ட் பிளேரில் இருக்கிறேன். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு எங்கள் சிப்பிகாட் பக்கம் வயல்கள் கடலாகிவிட்டன. ஆனால் வட அந்தமானில் கடல் பின்வாங்கிப் பவளம் வெளியே வந்தது என்கிறார்கள். ஒரே நிலநடுக்கம் ஒரு பக்கம் ஏற்றி ஒரு பக்கம் இறக்குமா? – போர்ட் பிளேர் வாசகர்

இறக்கியதை நானும் பார்த்தேன் ஐயா. 2006 ஜனவரியில் வந்திருந்தேன். சிப்பிகாட்டில் தலை இல்லாத தென்னை மரங்கள் உப்புத் தண்ணீரில் நின்றன. தண்ணீர் தெளிவாக இருந்தது; அடியில் வரப்பு தெரிந்தது. யாரோ மண்வெட்டி பிடித்து அணைத்த வரப்பு. அலை அடித்துவிட்டுப் போன தண்ணீர் அல்ல அது. நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கிவிட்டதால், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் உள்ளே வருகிற கடல்.

காரணத்தைச் சொல்கிறேன். ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டை மேஜைமேல் வைத்து, ஓரத்தை விரலால் அழுத்தியபடி உள்பக்கமாகத் தள்ளுங்கள். ஓரம் கீழே அமுங்கும், நடு புடைத்து எழும். விரலை எடுத்தால் ஓரம் துள்ளி மேலே வரும், நடு பொத்தென்று கீழே போகும். அந்தமானுக்கு மேற்கே கடலடியில் ஒரு நீண்ட அகழி இருக்கிறது. இந்தியத் தட்டு அங்கேதான் தீவுகளுக்கு அடியில் சரிகிறது. சரியும்போது மேலே இருக்கிற தட்டின் ஓரத்தையும் பற்றி இழுத்துக்கொண்டு போகிறது. நூற்றாண்டுக் கணக்கில் ஓரம் அமுங்கிக்கொண்டும், உள்பக்கம் புடைத்துக்கொண்டும் இருந்தது. அன்று காலை சுமத்ராவில் தொடங்கி வடக்கே 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிடி விட்டது. அளவு 9.1. அகழிக்குப் பக்கத்தில் இருந்த நிலம் துள்ளி எழுந்தது: வட அந்தமானின் மேற்குக் கரை, இண்டர்வியூ தீவு. அங்கே பவளம் தண்ணீருக்கு மேலே வந்து, வெயிலில் வெளுத்துச் செத்தது. அகழியிலிருந்து தள்ளி இருந்த போர்ட் பிளேரும் நிகோபாரும் இறங்கின. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனையில் இறக்கம் 4 மீட்டருக்கு மேல். கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போய்விட்டது.

துள்ளி எழுந்த கடலடி தன் தலைமேல் இருந்த தண்ணீரையும் தூக்கியது. அதுதான் நாகப்பட்டினத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் கடலூருக்கும் வந்து சேர்ந்த சுனாமி. நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேல் எடுத்தது. அந்த நேரத்தில் நமக்குச் சொல்ல ஒரு ஏற்பாடும் இருக்கவில்லை. இன்றைக்கு ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் 2007-லிருந்து இயங்குகிறது. ஆனால் தீவில் இருக்கிற உங்களுக்கு எச்சரிக்கைச் செய்தியை எதிர்பார்த்து நிற்க நேரம் இருக்காது. நிலம் நெடுநேரம் ஆடினால், நிற்க முடியாமல் ஆடினால், அதுவே எச்சரிக்கை. மேட்டுக்கு ஓடுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

உங்கள் ஊருக்கு வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டரில் இருக்கும் பாரன் (Barren) தீவு எரிமலையும் இதே தட்டின் வேலைதான். சரிந்த தட்டிலிருந்து கசிகிற நீர் மேலே உள்ள சூடான பாறையை உருகவைக்கிறது. 1991-இல் விழித்தது, நாட்டில் உயிரோடு இருக்கிற ஒரே எரிமலை.

என் மகன் ஐஸ்லாந்தில் ஒரு காலை அமெரிக்கத் தட்டிலும், ஒரு காலை ஐரோப்பியத் தட்டிலும் வைத்துப் போட்டோ அனுப்பியிருக்கிறான். உண்மையா? – கோவை வாசகர்

படம் அழகாக இருக்கும், கணக்கு மட்டும் கொஞ்சம் உதைக்கும். அது திங்வெல்லிர் என்ற இடமாக இருக்க வேண்டும். அங்கே தட்டுகளுக்கு நடுவில் பல கிலோமீட்டர் அகலத்துக்கு நிலம் வெடித்து இறங்கியிருக்கிறது. மகன் நின்றது அந்தப் பல வெடிப்புகளில் ஒன்றின் மேல். இரண்டு பக்கமும் வருஷத்துக்கு 2 சென்டிமீட்டர் விலகுகின்றன. அட்லாண்டிக் கடலடியில் வடக்கிலிருந்து தெற்குவரை ஓடுகிற மலைத்தொடர், தண்ணீருக்கு மேலே தலையை நீட்டுகிற இடம் ஐஸ்லாந்து.

அந்தக் கடலடி மலைத்தொடரின் முதுகில் ஒரு பள்ளத்தாக்கு ஓடுகிறது என்பதை 1950-களின் தொடக்கத்தில் முதலில் கண்டவர் மேரி தார்ப். பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் அவரை ஏற்றவில்லை. கப்பல் கொண்டுவந்த ஆழ அளவுகளை நியூயார்க்கில் உட்கார்ந்து, கையால் வரைபடமாக்கினார். பள்ளத்தைக் காட்டியபோது, கூட வேலை செய்த புரூஸ் ஹீசன் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளினார். ஆனால் அட்லாண்டிக்கில் நடந்த நிலநடுக்கங்களைப் புள்ளி வைத்து அடுக்கியபோது, எல்லாப் புள்ளியும் அந்தப் பள்ளத்தின் மேலேயே விழுந்தன; கடலடி பிரிகிற இடம் அதுதான். கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் சொன்ன வேகனரை யாரும் நம்பாமல் போன விஷயம், இப்படித்தான் கோடு கோடாகத் திரும்பி வந்தது. என் வகுப்பில் பெண்பிள்ளைகளிடம் தார்ப் வரைந்த படத்தைக் காட்டாமல் ஒரு வருஷமும் விட்டதில்லை.

குமரிக்கண்டம் தட்டு நகர்ந்ததால்தான் மூழ்கியதா? உங்கள் துறையில் இதை ஏன் மறைக்கிறார்கள்? – மதுரை வாசகர்

கோபத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபத்துக்குப் பின்னால் மொழிமேல் இருக்கிற பாசம் எனக்கும் உண்டு, அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்கிற லெமூரியா என்ற பெயரை 1864-இல் வைத்தவர் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் எப்படி வந்தன என்று அவருக்குப் புரியவில்லை. கண்டங்கள் நகரும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அதனால் நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று கருதினார். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியே இருந்தன என்று தெரிந்த பிறகு அந்த மூழ்கிய பாலம் தேவைப்படவில்லை. கண்டப் பாறை லேசானது, தேங்காய் மட்டை என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா? அவ்வளவு பெரிய மட்டை தமிழர் நினைவுக்குள் சத்தமில்லாமல் அமிழ்ந்துபோக வழியில்லை. குமரிக்குத் தெற்கே ஆழ்கடலின் அடி, எரிமலைக் குழம்பு ஆறிய கடல்தரைப் பாறை.

ஆனால் கடல் நிலத்தைக் கொண்டது என்ற நினைவைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வராது. 20,000 ஆண்டுக்கு முன் கடல் தண்ணீரில் ஒரு பங்கு நிலத்தின்மேல் பனியாக உறைந்து கிடந்தபோது கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணை தரை. இலங்கைக்கு நடந்தே போகலாம். குமரி மீனவர்கள் வலைவீசுகிற வாட்ஜ் பேங்க் மேட்டிலும் ஒரு பகுதி நிலமாக இருந்திருக்கும். பனி உருகி ஏறிய தண்ணீர் இன்றைய அளவை நெருங்கியது சுமார் 7,000 ஆண்டுக்கு முன். கரையோரத்து மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக உள்ளே உள்ளே குடிபெயர்ந்திருப்பார்கள். அந்தக் கடல்கோளுக்கும் தட்டு நகர்வுக்கும் சம்பந்தமில்லை; காரணம் பனி.

நம் நிலம் உண்மையில் இழந்த பெருநிலங்கள் உண்டு. அவை மூழ்கவில்லை, விலகிப் போயிருக்கின்றன. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் வெட்டி எடுத்த கருங்கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் போட்டிருந்த கல் அதுதான் என்று 1893-இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் கண்டுசொன்னதால் வந்த பெயர். உடைத்துப் பார்த்தால் எண்ணெய் தடவினாற்போலப் பச்சைக் கறுப்பாக மின்னும். அதே வகைப் பாறை இலங்கையில் இருக்கிறது, மடகாஸ்கரில் இருக்கிறது, கிழக்கு அண்டார்டிகாவின் பனிக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கிறது. இழந்த நிலத்தைத் தேடுகிறவர்கள் அங்கே தேடட்டும்; கல் பதில் சொல்லும்.

மேடம், நான் பள்ளி ஆசிரியர். காரையில் கிடக்கும் அம்மோனைட்டைப் பிள்ளைகள் எடுத்துவந்து பள்ளியில் வைக்கலாமா? – பெரம்பலூர் வாசகர்

எடுக்க வேண்டாம் சார். கல் எந்த மண்ணடுக்கில், எந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தது என்பதில்தான் அதன் கதை இருக்கிறது. அலமாரிக்கு வந்துவிட்டால் அழகு மட்டும் மிஞ்சும். கடைசியாக நான் போனபோது ஓடைகளுக்குள் வண்டி ஏறி இறங்கிய தடம் பார்த்தேன்; பெலம்னைட்டுகள் தூளாகிக் கிடந்தன. 10 கோடி ஆண்டு தாங்கியது ஒரு டயருக்குத் தாங்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். வெயில் ஏறுமுன் போங்கள், ஆளுக்கொரு நோட்டு, பென்சில். கல்லின் பக்கத்தில் ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள், அளவு தெரியும். நின்ற இடத்தையும், மண்ணின் நிறத்தையும், சுருள் எத்தனை சுற்று என்பதையும் எழுதட்டும். கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த வாக்கிலேயே வைத்துவிடட்டும். திரும்பும் வழியில் அரியலூர் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து, தாங்கள் வரைந்ததைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நோட்டுகளில் நாலைந்தை எனக்கு அனுப்பினால், அடுத்த இதழில் அவற்றுக்கே பதில் எழுதுகிறேன்.